பஸ் பர்மிட்டுக்கு மார்க் போட்ட கதை

பரீட்சைக்குத்தான் மார்க் என்றில்லை, ஒரு காலத்தில் சென்னை மாநிலத்தில் தனியார் பஸ் பர்மிட்டுக்கும் மார்க் உண்டு. 1956-இல் வந்த அரசாணை 1298 அப்படித்தான்: சொந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறதா, தொழில் அனுபவம் உண்டா, அந்த ரூட்டில் குடியிருப்போ தொழிலிடமோ இருக்கிறதா என்று பார்த்து மார்க் போட்டு, கூட்டிப் பார்த்து, ஜாஸ்தி வாங்கியவருக்குப் பர்மிட். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

ஆனால் 1964-இல் ராஜகோபால நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மார்க் முறை கெட்டது என்பதல்ல விஷயம். பர்மிட் தருவது கிட்டத்தட்ட நீதிபதி வேலை, இரு தரப்பையும் கேட்டு அதிகாரியே யோசித்து முடிவெடுக்க வேண்டியது, அதில் கோட்டையிலிருந்து 'இப்படி மார்க் போடு' என்று நிர்வாக உத்தரவு போகக்கூடாது. அதிகாரிகளுக்கு உத்தரவு போடலாம் என்று அரசு ஆதாரமாகக் காட்டிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 43-ஏ பிரிவை ரத்து செய்யாமல், அது நிர்வாக விஷயங்களுக்கு மட்டும்தான் என்று சுருக்கிவிட்டார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

சரி, அப்புறம்? அதே மாதிரி மார்க் முறை, வெறும் நிர்வாக உத்தரவாக இல்லாமல், மோட்டார் வாகன விதிகளில் 155-ஏ என்ற விதியாக வந்து உட்கார்ந்தது, முறைப்படி!