இன்று ராத்திரி எங்கே கூத்து?

எங்கள் பக்கத்தில் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் மூன்று வருஷம் காலை நிகழ்ச்சி செய்தேன். ஆறு மணியிலிருந்து எட்டு வரை. சம்பளம் கிடையாது. ஏழு மணிக்குக் கலை, பொழுதுபோக்கு என்று பதினைந்து நிமிஷம் இருந்தது, அதில் உனக்குத் தோன்றியதைச் செய்துகொள் என்று விட்டுவிட்டார்கள்.

முதல் சில மாதம் நான் செய்தது முழுக்க சினிமாதான். எந்தப் படம் வெளியாகிறது, எந்த நடிகருக்குப் பிறந்தநாள், இப்படி. ஒரு போன்கூட வராது. ஒரு நாள் பால் ஊற்றிவிட்டு வந்த ஒரு அக்கா நிலையத்துக்கே போன் போட்டார். "ஏம்மா, பக்கத்து ஊர்ல பாரதம் ஆரம்பிச்சு மூணு நாள் ஆவுது, தினம் ராத்திரி நாடகம் நடக்குது, நீ ஒரு வார்த்த சொல்லலியே?" என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். எனக்கு அது தெரியவே தெரியாது. நாலு கிலோமீட்டர் தள்ளி திரௌபதி அம்மன் கோயிலில் மத்தியானம் பாரதப் பிரசங்கமும் ராத்திரி கூத்தும் நடந்துகொண்டிருக்கிறது, நான் சென்னையில் நடந்த ஒரு பாடல் வெளியீட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் "இன்று ராத்திரி எங்கே கூத்து". எங்கள் வடாற்காட்டுப் பக்கம் பெரியவர்கள் நாடகம் என்றுதான் சொல்வார்கள், தெருக்கூத்து என்று சொல்வது படித்தவர்கள்தான். இரண்டையும் சேர்த்தே சொல்வேன். எந்த ஊர், எந்த ஜமா (கூத்துக் குழுவை அப்படித்தான் சொல்வோம்), என்ன கதை, மரக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடுகிற கட்டை வேஷம் யார், எத்தனை மணிக்கு மத்தளம் தட்டுவார்கள், கடைசி பஸ் எது. அவ்வளவுதான். அதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். ஆனால் நிலையத்துக்கு அதிகமாக போன் வந்தது அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான்.

கொஞ்சம் பின்னணி சொல்லவேண்டும். காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல். அதற்கப்புறமும் சாதாரண ஜனங்கள் கைக்கு அது வர வெகுநாள் ஆயிற்று. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியபோது நாட்டிலேயே அதுதான் முதல் வளாக சமுதாய வானொலி. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் என்று இருந்ததை 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் திறந்துவிட்டார்கள். பாம்பன் மீனவர்களுக்கான கடல் ஓசை மாதிரி நிலையங்கள் வர முடிந்தது அதனால்தான். நூறு வாட்ஸ் டிரான்ஸ்மிட்டர், பத்து பதினைந்து கிலோமீட்டர் போனால் பெரிது, நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் ஆட்களை வைத்துச் செய்யவேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, ஆகாசவாணி செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம்.

இதையெல்லாம் குறை என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கூத்து ஜமா தாம்பூலம் வாங்கி, அதாவது ஆட ஒப்புக்கொண்டு, போய் ஆடுகிற ஊர்களில் நிறைய இந்தப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறவர்கள் சைக்கிளிலோ டிவிஎஸ் ஐம்பதிலோ வரக்கூடிய தூரமும் அதுதான். பெரிய எஃப்எம் எதுவும் கீழ்த்தெருவில் இன்றைக்கு அருச்சுனன் தபசு என்று சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல எங்களால் மட்டும்தான் முடியும்.

தகவல் சேகரிப்பது லேசில்லை. நோட்டீஸ் எல்லாருமா அடிக்கிறார்கள்? பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் தினம் சாயங்காலம் ஜமாவை நடத்துகிற ஒவ்வொரு வாத்தியாருக்கும் போன் செய்வேன். "நாளைக்கு தாம்பூலம் எங்க வாத்தியாரே?" ஒருத்தர் தூங்கிக்கொண்டிருப்பார், ஒருத்தர் வண்டியில் போய்க்கொண்டிருப்பார், பின்னால் ஆர்மோனியப் பெட்டி இடிபடும் சத்தம் கேட்கும். ஒரு முறை மேல் என்பதைக் கீழ் என்று சொல்லிவிட்டேன். ஒரே பெயரில் மேலும் கீழுமாக இரண்டு ஊர் இருக்கிறது, நடுவில் ஏரி. வயசானவர்கள் சிலர் தப்பான ஊருக்குப் போய் இருட்டில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நிகழ்ச்சியிலேயே மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொல்வேன், பக்கத்தில் என்ன கோயில் என்பதையும் சேர்த்து.

நிலையத்துக்குள் ஒரு சண்டையும் வந்தது. கர்ண மோட்சம் எங்கே என்று அறிவித்தேன். எங்கள் பக்கம் கர்ண மோட்சம் என்றாலே பெரும்பாலும் ஒரு வீட்டில் கருமாதி என்று அர்த்தம், இறந்தவருக்காக வைப்பது அது. விடிந்ததும் சாவு வீட்டுச் சமாசாரம் சொல்லாதே, கேட்கிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருந்தது. நான் வாத்தியார் ஒருத்தரிடம் கேட்டேன். அவர் சொன்னது இது: "பாப்பா, அந்த ஊட்டுக்காரங்க செலவு பண்ணி வெக்கறதே நாலு பேரு வரணும்னுதான். கர்ணன் மோட்சம் போறத பாக்க ஆளு வேணாமா?" அதற்கு மேல் யாரும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுப் பெயர் சொல்லாமல் ஊரையும் தெருவையும் மட்டும் சொல்வது என்று முடிவாயிற்று.

அந்த வாத்தியாரே ஒரு சித்திரை மாதக் காலையில் நிலையத்துக்கு வந்தார். ராத்திரி முழுக்க கர்ணன் ஆடிவிட்டு டாட்டா ஏஸில் கட்டைப் பெட்டியோடு ஊருக்குத் திரும்புகிற வழி. ஆறு இருபது இருக்கும். தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்திருந்தார், ஆனால் காதோரத்திலும் புருவத்திலும் மஞ்சளும் சிவப்பும் போகவில்லை. சலங்கையைச் செருப்பு மாதிரி வாசலிலேயே கழற்றி வைத்தார். ஸ்டுடியோ எங்கள் வீட்டு சமையலறை அளவுதான், சுவர் முழுக்க ஃபோம். உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்.

"யாருக்குப் பாடணும்? ஆளே இல்லியே."

ஊர் முழுக்கக் கேட்கும் ஐயா என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் வாய் திறக்கவில்லை. முகம் பார்க்காமல் பாட அவருக்கு வரவில்லை. சரி என்று காவலாளித் தாத்தாவையும் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவையும் உள்ளே கூப்பிட்டுத் தரையில் உட்காரவைத்தேன். அப்புறம்தான் திரை விருத்தம், வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற பாட்டு, எடுத்தார். மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் நின்றார், இருந்தும் மீட்டர் சிவப்பிலேயே முட்டிக்கொண்டு நின்றது. மைக்கை நகர்த்தி நகர்த்தி கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கவைத்த குரல் அது. ராத்திரி பூராவும் பாடிக் கம்மிப்போயிருந்தது, மேலே போகும் இடத்தில் லேசாக உடைந்தது. மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுகிற இடத்தில் நாலு அடி பாடி நிறுத்தி, அந்த அக்காவைப் பார்த்து வசனம் பேசினார். அக்கா அழுதுவிட்டார். தாத்தா பின்பாட்டுக்காரர் மாதிரி "ஆமா" என்றார். அந்த "ஆமா" ஒலிபரப்பிலும் போயிற்று. அதைப் பற்றியே பலர் கேட்டார்கள், யாருங்க அந்தப் பெரியவர் என்று.

எனக்கு இன்னும் உறுத்துகிற விஷயம் பணம்தான். அவருக்கு நாங்கள் கொடுத்தது டீயும் வண்டிச் செலவுக்குக் கொஞ்சமும். அவர் எதுவும் கேட்கவில்லை, ஆனால் கலைஞர் கேட்கவில்லை என்பதற்காகக் கொடுக்காமல் இருப்பது சரியில்லை. சினிமாப் பாட்டுப் போட உரிமைத் தொகை கட்டுகிறோம், நேரில் வந்து பாடுகிறவருக்கு ஒரு தொகை என்று எந்தக் கணக்கிலும் இல்லை. கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. என்னால் முடிந்தது, சம்மதம் வாங்கிக்கொண்டு ஜமாவின் போன் நம்பரை நிகழ்ச்சியில் சொன்னது. அதை வைத்து இரண்டு தாம்பூலம் வந்தது என்று அவர் சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வேலை மாறி நான் வெளியூர் வந்துவிட்டேன். அந்த ஏழு மணி நிகழ்ச்சியை இப்போது வேறு ஒருவர் பார்க்கிறார், மறுபடி சினிமாதான் போகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், சினிமாத் தகவல் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது, கூத்துத் தகவலுக்கு இருபது போன் போடவேண்டும். ஆனால் பங்குனி பிறந்ததும் வாத்தியார் கூப்பிட்டார். "பாப்பா, எங்க ஊர் பேரு இந்த வருஷம் ரேடியோல வராதா?" நிலையத்தில் பேசினேன். பதிவு செய்து அனுப்பினால் மூன்று நிமிஷம் போடுகிறோம் என்றார்கள்.

அதனால் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் எனக்கு யாராவது போன் செய்தால் லைன் பிஸியாகத்தான் இருக்கும். போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு போனில் பேசிப் பதிவு செய்கிறேன், விசிறிச் சத்தம் விழாமல் இருக்க. நாளைக்கு மூன்று ஊர். ஒன்றில் மழை வந்தால் மறுநாளைக்குத் தள்ளிவைப்பார்களாம், அதைக் காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு அனுப்பவேண்டும்.