மதகுச் சுவர்ப் பாசிக்கு ரசீது வாங்கிய கதை

நான் கண்டுபிடித்த புதிய பாசி இனத்தைப் பற்றிய கட்டுரையின் புரூஃப் நேற்று வந்துவிட்டது. பெயரை மட்டும் கேட்காதீர்கள். முறைப்படி வெளியாவதற்கு முன் பெயரை வெளியே விட்டால், விவரணை இல்லாத வெற்றுப் பெயராக அது ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஃபிஸ்ஸிடென்ஸ் என்ற மாஸ் (சுவரிலும் மண்ணிலும் வளரும் பாசிச் செடி) பேரினம், பழனி மலை. இப்போதைக்கு இது போதும்.

கண்டுபிடித்ததெல்லாம் அரை மணி நேர வேலை. கொடைக்கானல் போகிற வழியில் ஒரு மதகுச் சுவர், அதன் ஈரத்தில் நாலு மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு பச்சை. நான் செய்த முதல் முட்டாள்தனம், அதைச் சுரண்டி பிளாஸ்டிக் கவரில் போட்டது. பஸ் வத்தலக்குண்டு வருவதற்குள் உள்ளே வெந்து, மதுரையில் திறந்தபோது கறுப்புக் கூழ். பழைய செய்தித்தாளைப் பொட்டலமாக மடித்தாலே போதும். மாஸ் காய்ந்தாலும் கெடாது, பிறகு வெந்நீர் ஒரு சொட்டு விட்டால் விரிந்துகொள்ளும். தேதி, உயரம், எதன்மேல் வளர்ந்தது என்பதைப் பொட்டலத்தின்மேல் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டவை இரண்டு இன்னும் அநாதையாகக் கிடக்கின்றன.

இரண்டாம் முறை ஒழுங்காக எடுத்து வந்தேன். ஃபிஸ்ஸிடென்ஸை அடையாளம் காண்பது சுலபம்: இலைகள் இறகுபோல இரண்டே வரிசையில் நிற்கும், ஒவ்வோர் இலையின் அடிப்பாதியும் திறந்த புத்தகம்போலத் தண்டைக் கவ்வியிருக்கும். கஷ்டம் அதற்கப்புறம்தான். உலகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள். இலை விளிம்பில் நீண்ட செல்களாலான கரை உண்டா இல்லையா என்பது முக்கியமான கேள்வி. ஷேவிங் பிளேடால் சீவிச் சீவிப் பார்த்தேன், கரை இல்லை. 'கரை இல்லாதவை' என்ற வழியில் கீயை, அதாவது கேள்வி கேள்வியாக இனத்தை அடையாளம் காட்டும் பட்டியலை, பிடித்துக்கொண்டு ஏழு மாதம் போனேன். எதிலும் பொருந்தவில்லை. புது இனம்தான் என்று வீட்டில் லட்டுகூட வாங்கிவிட்டேன்.

என் ஆராய்ச்சி கைடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேப்சூல் எங்கேப்பா?" என்றார். கேப்சூல் என்பது மாஸின் வித்துத்தூள் இருக்கும் சிறு பை. என்னிடம் இருந்ததெல்லாம் அது இல்லாத மலட்டுத் தண்டுகள். இந்தப் பேரினத்தில் பலவற்றுக்குக் கரை, கேப்சூல் தாங்குகிற தண்டின் இலைகளில்தான், அதுவும் அந்தப் புத்தக மடிப்புப் பகுதியில் மட்டும்தான் தெரியும். லட்டு தீர்ந்திருந்தது.

மார்கழியில் மூன்றாம் பயணம். மதகு பளிச்சென்று இருந்தது. யாரோ பெரிய மனிதர் வருகிறாராம், சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பக்கத்து டீக்கடை அண்ணன், "பாசி பிடிச்சா வழுக்கும்ல தம்பி, நல்லதுதானே" என்றார். அழுகையே வந்தது. ஓடைக்குள் இறங்கி மண்கரையில் லென்ஸும் கையுமாக நாலு மணி நேரம் தவழ்ந்தபின், கேப்சூலோடு ஒரு உள்ளங்கை அளவு கிடைத்தது. அதன் இலையில் கரை இருந்தது! அதாவது ஏழு மாத ஒப்பீடு முழுக்கக் குப்பை. ஒரே இடத்தை நம்பாதீர்கள். முதல் நாளே சுற்றுவட்டாரத்தில் தேடி வையுங்கள்.

பழனி மலை மாஸ் என்றால் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் இருந்து மாஸ் சேகரித்த பாதிரியார் ஃபாதர் ஃபோரோவைத் தாண்டி யாரும் போக முடியாது. அவருடைய பழனி மலைப் பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வந்தது. அவர் அனுப்பிய பொட்டலங்களை வைத்துப் பல இனங்களை ஐரோப்பாவில் இருந்தவர்கள்தான் விவரித்தார்கள். அதனால் நம்ம ஊர் ஓடைக்கரைப் பாசியின் டைப் மாதிரி (இனத்தின் பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரி) அங்கே அலமாரியில் தூங்குகிறது. என்னுடையது இதுதானோ என்று நான் சந்தேகப்பட்ட பழைய இனத்தின் டைப் இருந்த ஹெர்பேரியத்தின் (உலர்ந்த செடிகளின் காப்பகம்) இணையப் படத்தில் தெரிந்தது பொட்டலத்தின் வெளிப்பக்கம் மட்டுமே! டைப்பைத் தபாலில் அனுப்ப மாட்டோம் என்றார்கள், அது நியாயம்தான். இலையின் நுண்படமாவது கேட்டு எட்டு மாதத்தில் ஆறு மின்னஞ்சல். ஏழாவதில் 'எனக்கு வேண்டியது இந்த இலையின் இந்தப் பகுதி' என்று கையால் வரைந்து, அம்புக்குறி போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் படம் வந்தது. முதல் கடிதத்திலேயே வரைந்து அனுப்பியிருக்கலாம். அந்த டைப்பில் கரை நுனிவரை ஓடுகிறது, என்னுடையதில் மடிப்போடு நின்றுவிடுகிறது. இலைச் செல்களின்மேல் இருக்கும் சின்ன முகடுகளும் வேறு. அன்றைக்கு லட்டு வாங்கவில்லை, அனுபவம்.

விவரணை எழுதியது ஒரு வாரம். 2012 முதல் லத்தீன் கட்டாயமில்லை, ஆங்கிலமே போதும், முன்னோர்கள் பாவம். ஆனாலும் ரிவ்யூவர் திருப்பி அனுப்பினார். ஹோலோடைப், அதாவது புதுப் பெயருக்கு ஆதாரமான அந்த ஒரே டைப் மாதிரி, இரண்டு ஹெர்பேரியங்களில் இருப்பதாக எழுதியிருந்தேன். ஹோலோடைப்புக்கு ஒரே ஓர் இடம்தான், அதே சேகரிப்பின் இன்னொரு பகுதியை வேறிடத்தில் வைத்தால் அது ஐசோடைப். இதைச் சரிசெய்யாமல் அச்சாகியிருந்தால் பெயரே செல்லாமல் போயிருக்கும்.

புதிய இனத்தின் மாதிரியை அங்கீகரித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டமே சொல்கிறது. பொட்டலத்தோடு போனேன். கவுண்டரில் இருந்தவர் பிரித்துப் பார்த்து, "செடி எங்க சார்?" என்றார். அதுதான் செடி என்றேன். "இதுக்கு எதுக்கு நம்பர்? ஆபீசர் லீவு, திங்கட்கிழமை வாங்க." திங்கட்கிழமை கவரிங் லெட்டர் இல்லை என்றார். புதன்கிழமை லெட்டரில் துறைத்தலைவர் சீல் இல்லை. எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒரு ஹேண்ட் லென்ஸும் கொண்டுபோனேன். லென்ஸில் கேப்சூல் வாயில் இருக்கும் பதினாறு பற்களையும், ஒவ்வொரு பல்லும் இரண்டாகப் பிளந்திருப்பதையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பத்து நிமிடத்தில் எண் கிடைத்தது, சீலோடு.

அந்த எண்ணில்தான் புரூஃபில் ஒரு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. இன்று இரவுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும்.