டிசைனர் கணக்கில் கிடக்கும் டொமைனைச் சொந்தக் கணக்குக்கு மாற்றுவது எப்படி

ஜவுளிக் கடை, நர்சரி பள்ளி, அறக்கட்டளை, அரிசி ஆலை என்று பத்து வருடத்துக்கு முன்பு தளம் போட்டவர்களில் பலருக்கு ஒரே நிலைமைதான். தளம் ஓடுகிறது, வருடா வருடம் பில் வருகிறது, பணமும் கட்டுகிறார்கள். தளத்தின் பெயரான டொமைன் மட்டும் தளம் செய்து கொடுத்த டிசைனரின் கணக்கில் கிடக்கிறது. அவர் தொழிலை விட்டாலோ போனை எடுக்காமல் போனாலோ பெயரும் போய்விடும். இந்த மாற்றத்தைப் பலருக்குச் செய்து கொடுப்பவர்கள் நாங்கள். தளமும் மெயிலும் நிற்காமல் இருக்க எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பார்கள். பெயரை நமக்குப் பதிவு செய்து விற்கும் ரெஜிஸ்ட்ரார் நிறுவனம் டாட் காமுக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. ரெஜிஸ்ட்ராரின் லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தாலும் கடைக்கு அது பெரிய செலவில்லை. வாய்ஸ் டாட் காம் என்ற பெயர் 2019இல் 3 கோடி டாலருக்கு விற்றதைப் படித்துவிட்டுப் பெயர்களை வாங்கிக் குவிப்பவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் புதுப்பிப்புக் கட்டணம் கட்டியே ஓய்ந்துபோகிறார்கள். தொழில் செய்பவருக்கு மதிப்பு சேர்வது வேறு இடத்தில்: பில் புத்தகம், கடைப் பலகை, கூகுள் மேப், மற்ற தளங்கள் கொடுத்த இணைப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெயரில் இயங்கும் மெயில். வங்கி முதல் வரித் தளங்கள் வரை அந்த முகவரியைத்தான் கொடுத்திருப்பீர்கள். பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பும் அங்கேதான் வரும். டொமைன் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனால், அவர் ஒரு கேட்ச்ஆல் பெட்டி வைத்தாலே போதும். உங்கள் ஊழியர்கள் எல்லோருடைய பழைய முகவரிக்கும் வருவது அவரிடம் போய்ச் சேரும்.

முதல் வேலை, இப்போது என்ன நிலை என்று பார்ப்பது. டொமைன் பெயர்களுக்கான உலக அமைப்பான ஐகேனின் லுக்கப் பக்கத்தில் பெயரைப் போடுங்கள். டாட் இன் என்றால் அதை நிர்வகிக்கும் நிக்ஸியின் தேடல் பக்கம். ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன, ஸ்டேட்டஸ் என்ன, நேம்சர்வர் (டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் சர்வர்) எது, இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். அதனால் கணக்குக்குள் இருக்கும் ரெஜிஸ்ட்ரன்ட், அதாவது பதிவு உரிமையாளர் விவரத்தை டிசைனரிடமே ஸ்கிரீன்ஷாட் கேட்க வேண்டும்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. டாட் காம் காலாவதியான உடனே ரெஜிஸ்ட்ரி (எல்லா டாட் காம் பெயர்களின் பட்டியலையும் வைத்திருக்கும் நிறுவனம்) தானாக ஒரு வருடம் கூட்டிக் காட்டும். யாரும் பணம் கட்டியிருக்காவிட்டாலும் ரெஜிஸ்ட்ரி தேதி அடுத்த ஆண்டைச் சொல்லும். ரெஜிஸ்ட்ரார் காலாவதித் தேதி என்று தனியாக ஒரு வரி வரும். அதைத்தான் நம்ப வேண்டும்.

காலாவதிக்கு ஒரு மாதத்துக்குள் இருந்தால் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். டிசைனரிடம் சொல்லி முதலில் புதுப்பிக்கச் செய்யுங்கள். அதிலும் காலாவதி ஆவதற்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். காலாவதியான பிறகு புதுப்பித்து, 45 நாளுக்குள் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றினால், புதுப்பித்த அந்த ஒரு வருடம் ரத்தாகி, டிரான்ஸ்ஃபரில் கிடைக்கும் ஒரு வருடம் மட்டுமே மிஞ்சும். கட்டிய பணம் திரும்புமா என்பது ரெஜிஸ்ட்ராரின் கையில்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது பெயரைத் தேடி வருபவருக்குத் தளமும் மெயிலும் எந்தச் சர்வரில் இருக்கின்றன என்று வழிகாட்டும் ரெக்கார்டுகள். பலரும் சறுக்குவது இங்கேதான். தளத்தின் கோப்புகள் இருக்கும் ஹோஸ்டிங் வேறு, டொமைன் வேறு, டிஎன்எஸ் வேறு. மூன்றும் ஒரே பில்லில் வருவதால் ஒன்று என்று தோன்றும். நேம்சர்வர் பழைய ரெஜிஸ்ட்ரார் இலவசமாகக் கொடுத்ததாக இருந்தால், டொமைன் வெளியேறியதும் அந்தச் சேவை நின்றுபோகலாம். ஆகவே எல்லா ரெக்கார்டுகளையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். தளத்துக்கான ஏ, சிநேம், மெயிலுக்கான எம்எக்ஸ், டெக்ஸ்ட் ரெக்கார்டில் மெயில் போலியல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிமார்க், கூகுள் சரிபார்ப்பு வரிகள். மெயிலின் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் டிகிம் ரெக்கார்டு மட்டும் வெளியிலிருந்து தேடினால் அகப்படாது, அதன் செலக்டர் பெயர் தெரிய வேண்டும். அது விட்டுப்போனால் மெயில் போகும், ஆனால் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் விழும். கொட்டேஷனுக்குப் பதில் வராதபோதுதான் யாருக்காவது சந்தேகமே வரும்.

புது டிஎன்எஸ் சேவையில் அத்தனையையும் ஏற்றிவிட்டு நேம்சர்வரை மாற்றுங்கள். மற்ற ரெக்கார்டுகளின் டிடிஎல்லை (பழைய பதிலை இணையம் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) முதல் நாளே 300 வினாடிக்குக் குறைத்துவிடலாம். டாட் காம் ரெஜிஸ்ட்ரி வைத்திருக்கும் நேம்சர்வர் ரெக்கார்டின் டிடிஎல் 1,72,800 வினாடி, அதாவது இரண்டு நாள். அதை நம்மால் குறைக்க முடியாது. ஆகவே பழைய டிஎன்எஸ்ஸை இரண்டு நாளுக்கு மேலேயே உயிரோடு வைத்திருக்க வேண்டும். டிஎன்எஸ் பதில்களுக்குக் கையொப்பம் போடும் டிஎன்எஸ்செக் வைத்திருந்தால், நேம்சர்வரைத் தொடுவதற்கு முன்பே அதற்காக ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் டிஎஸ் ரெக்கார்டை நீக்கி, ஒரு நாளுக்கு மேல் பொறுத்திருங்கள். இல்லாவிட்டால் பல இணைப்புகளில் தளம் அடியோடு திறக்காது. சிலருக்கு மட்டும் திறக்கும் என்பதால் காரணம் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

இப்போது பெயரை நகர்த்தலாம். வழி இரண்டு. அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்களும் ஒரு கணக்குத் திறந்து, டிசைனர் தன் கணக்கிலிருந்து அதற்கு 'புஷ்' செய்வது, அதாவது பெயரைத் தள்ளிவிடுவது எளிது. பெரும்பாலும் கட்டணம் இல்லை, காலாவதித் தேதி மாறாது, சீக்கிரம் முடியும். டிசைனர் ஒத்துழைக்கும் நிலையில் இருந்தால் இதையே செய்யுங்கள்.

வேறு ரெஜிஸ்ட்ராருக்குத்தான் போக வேண்டும் என்றால் டொமைன் வெளியேறாமல் தடுக்கும் லாக்கைத் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு வாங்கி, புது இடத்தில் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். டாட் காமில் ஒரு வருடம் கூடுதலாகச் சேரும். பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வரும் உறுதிப்படுத்தும் மெயிலுக்கு யாரும் பதில் சொல்லாவிட்டால் ஐந்து நாளில் தானாக நகர்ந்துவிடும். பெயர் பதிவாகியோ கடைசியாக மாற்றப்பட்டோ 60 நாள் ஆகாவிட்டால் கோரிக்கை பொதுவாக நிராகரிக்கப்படும். இன்னொன்று: பழைய கணக்கில் இருக்கும்போதே உரிமையாளர் பெயரையோ மெயிலையோ திருத்தினால் அதற்கும் 60 நாள் பூட்டு விழக்கூடும். ஆகவே டிரான்ஸ்ஃபர் முடியட்டும், உரிமையாளர் பெயரைப் புது இடத்தில் திருத்திக்கொள்ளலாம். டாட் இன்னிலும் முறை ஏறக்குறைய இதுதான்.

உரிமையாளர் விவரத்தில் நிறுவனத்தின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே கொடுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து ஒரு சரிபார்ப்பு மெயில் வரும். 15 நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்திவைப்பார்கள். மாற்றம் நல்லபடியாக முடிந்து, இரண்டு வாரம் கழித்துத் தளம் திடீரென்று விழுந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ரெஜிஸ்ட்ரார் கணக்கின் மெயில் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும். எச்சரிக்கையும் வராது, பாஸ்வேர்டையும் மீட்க முடியாது. தனியாக ஒரு ஜிமெயில் போதும். ஓடிபி ஒரு ஊழியரின் போனுக்கு மட்டும் போவதாக வைக்காமல், பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எடுத்துப் பத்திரங்களோடு வையுங்கள்.

புதுப்பித்தலில் நம்மூர்ச் சிக்கல் ஒன்று. 2021 அக்டோபரில் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கான ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதி வந்தபிறகு, வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார்களின் ஆட்டோ ரின்யூவல் இந்தியக் கார்டுகளில் பெரும்பாலும் தோற்றுப்போகிறது. ஆட்டோ ரின்யூவல் 'ஆன்' என்று காட்டுவதை நம்பி இருக்காதீர்கள். டாட் காமை 10 வருடம் வரை முன்கூட்டியே கட்டி வைக்கலாம். ஐந்து வருடமாவது கட்டுவது எங்கள் வழக்கம்.

தவறவிட்டால் என்ன நடக்கும்? டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க்கில் கணக்கு இப்படி: காலாவதிக்குப் பின் அதிகபட்சம் 45 நாள் சலுகை, பிறகு 30 நாள் மீட்புக் காலம், கடைசியாக 5 நாள் நீக்கக் காத்திருப்பு. மீட்புக் காலத்தில் கட்டணம் வழக்கமானதைப் போலப் பல மடங்கு. கூட்டினால் 80 நாள் இருப்பதாகத் தோன்றும், ஆனால் பல ரெஜிஸ்ட்ரார்கள் சலுகைக் காலத்திலேயே பெயரை ஏலத்தில் விட்டுவிடுகிறார்கள். இது சிறியவர்களுக்கு மட்டும் வரும் சங்கடமும் இல்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் லாகின் சேவைக்கான பாஸ்போர்ட் டாட் காமுக்குக் கட்ட மறந்து, ஹாட்மெயில் பலருக்குத் திறக்கவில்லை. வெளியாள் ஒருவர் 35 டாலரைக் கட்டிச் சரிசெய்தார்.

டிசைனர் தர மறுத்தால்? ரெஜிஸ்ட்ரன்ட் நீங்கள்தான் என்றால் ரெஜிஸ்ட்ராரிடமே கேட்கலாம். டாட் காமில் கேட்ட ஐந்து நாளுக்குள் ஆத் கோடு தர வேண்டும், தராவிட்டால் ஐகேனில் புகார் செய்யலாம். ரெஜிஸ்ட்ரன்ட்டும் அவரே என்றால் பாதை நீளம். டொமைன் தகராறுகளுக்கான ஐகேனின் நடைமுறையான யுடிஆர்பி வழக்குக்கு டிரேட்மார்க் உரிமை வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்ததையும் பயன்படுத்துவதையும் இரண்டையுமே நிரூபிக்க வேண்டும். ஐநாவின் அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் போதும் என்றாலே கட்டணம் 1,500 டாலர். டாட் இன்னுக்கான ஐஎன்டிஆர்பியில் பதிவு, பயன்பாடு இரண்டில் ஒன்று கெட்ட எண்ணம் என்று காட்டினால் போதும். உங்களுக்காக நல்லெண்ணத்தோடு பதிவு செய்துவிட்டுப் பிறகு பாக்கிக்காகப் பிடித்து வைத்திருப்பவரிடம் இந்த வழக்குகள் எளிதில் ஜெயிப்பதில்லை. பாக்கி சில ஆயிரம் ரூபாய்தான் என்றால், நியாயமோ இல்லையோ, கட்டிவிட்டுப் பெயரை வாங்கிக்கொள்வதே லாபம்.

புதிதாக வாங்குபவர்கள் டாட் காம், டாட் இன் போன்ற முடிவெழுத்தை யோசித்து எடுங்கள். இலவசமாகக் கிடைத்த டாட் ஜிஏ முகவரிகளை 2023இல் காபோன் நாடு திரும்ப எடுத்துக்கொண்டபோது லட்சக்கணக்கான பெயர்கள் மறைந்தன. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே உண்டு. பலகைக்கு அழகு, ஆனால் அந்த முகவரியில் மெயில் வைத்தால் பல படிவங்கள் ஏற்காது. கூடவே ஒரு டாட் இன் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயரை மாற்றினாலும் பழைய டொமைனை உடனே விடக் கூடாது. தளத்துக்கு 301 திருப்புதல் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்புவது) குறைந்தது ஒரு வருடமாவது இருக்கட்டும் என்கிறது கூகுள். மெயிலுக்கு அது போதாது. பழைய பெயரில் கேட்ச்ஆல் போட்டு ஒரு முழு நிதியாண்டு பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் இன்சூரன்ஸ், லைசென்ஸ் மெயில்கள் அப்போதுதான் தெரியும். ஒவ்வொன்றாக முகவரியை மாற்றிவிட்டு இன்னொரு வருடம் கவனியுங்கள். அதற்குப் பிறகும் வங்கியிலிருந்து ஒரு மெயில் வந்தாலும், அந்த வருடக் கட்டணத்தையும் கட்டிவிடுங்கள்.