துடிக்கும் விண்மீன்களின் நிறம்: நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்கள்

அக்டோபர் 9

துடிக்கும் விண்மீனான டெல்டா செஃபெயின் ஒளிவளைவை, அதாவது பொலிவு நாளுக்கு நாள் மாறுவதைக் காட்டும் வரைகோட்டை, நீல வடிகட்டி வழியாகவும் மஞ்சள்-பச்சை வடிகட்டி வழியாகவும் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். 5.366 நாள்களுக்கு ஒருமுறை அது 3.5 ஒளித்தரத்துக்கு ஏறி 4.4க்கு இறங்குகிறது (ஒளித்தர எண் சிறுத்தால் பொலிவு கூடுதல்); ஏற்றத்துக்குச் சுமார் ஒன்றரை நாள், மீதியெல்லாம் இறக்கம். நீல வளைவின் ஏற்ற இறக்கம் மற்றதைவிடத் தெளிவாகப் பெரியது. இரு ஒளித்தரங்களின் வேறுபாடே நிறச்சுட்டெண் என்பதால், இவ்விண்மீன் பொலியும்போது நீலத்தின் பக்கம் நகர்ந்து மங்கும்போது சிவக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1784இல் ஜான் குட்ரிக் இதன் மாற்றத்தை அறிந்தது வெறுங்கண் ஒப்பீட்டால் மட்டுமே என்பதை நினைக்கும்போது வியப்பு அடங்கவில்லை.

அக்டோபர் 11

உப்பிச் சுருங்குவதால் ஒளி மாறுகிறது என்ற வழக்கமான விளக்கம் எனக்குப் போதவில்லை. உச்சப் பொலிவின்போது விண்மீன் தன் பேரளவில் இருப்பதில்லை. சுருங்கி முடித்து, விரைந்து விரிந்துகொண்டிருக்கிறது. ஆரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாறுகிறது. வெப்பநிலையோ சுமார் 5,500 கெல்வினிலிருந்து 6,600 வரை ஏறுகிறது. ஒவ்வொரு சதுர மீட்டரும் வீசும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்காகப் பெருகுவதால், வெப்பநிலை 1.2 மடங்கானாலே ஒளி இரு மடங்காகிவிடுகிறது. ஆகவே பொலிவு மாற்றத்தின் பெரும்பங்கை, வெப்பநிலையைக் காட்டும் நிறமே சொல்லிவிடுகிறது. ஹீலியம் தன் இரண்டாம் எலக்ட்ரானையும் இழக்கும் அடுக்கு, அமுங்கும்போது ஆற்றலைத் தேக்கி, விரியும்போது வெளிவிட்டு, இத்துடிப்பை ஓயாமல் வைத்திருக்கிறது.

அக்டோபர் 20

அருகிலுள்ள சிறு விண்மீன் திரளான சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள இவ்வகை 25 விண்மீன்களைக் கொண்டு, துடிப்புக் காலம் நீண்டால் பொலிவும் கூடும் என்று 1912இல் ஹென்றியேட்டா லீவிட் காட்டினார். ஆனால் காலத்தையும் பொலிவையும் குறிக்கும் அத்தகைய வரைபடத்தில் புள்ளிகள் ஒரே கோட்டில் அமைவதில்லை. ஒரு பட்டையாகப் பரவுகின்றன. அந்தப் பரவலின் காரணங்களுள் ஒன்று நிறம். துடிப்புக் காலம் சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. ஒரே பொலிவும் ஒத்த நிறையும் உடைய இரண்டில், குளிர்ந்தது பெரியதாகவும் அடர்த்தி குறைந்ததாகவும் இருந்தாக வேண்டும். அதனால் அதன் காலம் நீளும். இதையே திருப்பிச் சொன்னால், ஒரே காலம் உடைய இரண்டில் சிவந்தது மங்கலானது. இடையிலுள்ள விண்தூசியும் ஒளியைச் சிவக்கச் செய்து மங்கவும் செய்கிறது. இரண்டும் ஒரே திசையில் இழுப்பது நமக்கு வாய்த்த நற்பேறு: அண்மை அகச்சிவப்பு ஒளித்தரத்திலிருந்து, மஞ்சள்-பச்சை, அண்மை அகச்சிவப்பு ஒளித்தரங்களின் வேறுபாடான நிறச்சுட்டெண்ணின் 1.55 மடங்கைக் கழித்தால், தூசியின் விளைவு நீங்குவதோடு பட்டையும் வெகுவாகக் குறுகுகிறது. வெசன்ஹைட் குறியெண் எனப்படும் இதை, இவ்விண்மீன்களைக் கொண்டு தொலைவு அளப்பவர்கள் இன்றும் கைவிடவில்லை.

நவம்பர் 3

ஆர்ஆர் லைரே வகை விண்மீன்கள் ஒரு நாளுக்கும் குறைவான காலத்தில் துடிப்பவை. அடிப்படை முறையில், அதாவது முழு விண்மீனும் ஒருசேர விரிந்து சுருங்கும் முறையில், துடிப்பவற்றுள் காலம் நீள நீள நிறம் சிவந்து, ஏற்ற இறக்கமும் சிறுக்கிறது. முதல் மேற்சுரத்தில், அதாவது உள்ளடுக்கும் வெளியடுக்கும் எதிரெதிராக அசையும் முறையில், துடிப்பவை இவற்றைவிட நீலமானவை. காலமும் குறைவு, வீச்சும் குறைவு.

நவம்பர் 4

மீரா என்னும் சிவப்புப் பெருவிண்மீன், நிறம் வெப்பநிலையைச் சொல்லும் இவ்வொழுங்கை அப்படியே பின்பற்றுவதில்லை. சுமார் 332 நாள் காலம் உடைய அதன் கண்ணுக்குப் புலனாகும் ஒளி நூற்றுக்கணக்கான மடங்கு மாறினாலும், அகச்சிவப்பில் மாற்றம் மிகச் சிறிது. மேற்பரப்பு குளிரும்போது உருவாகும் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் கண்ணுக்குப் புலனாகும் ஒளியை விழுங்கிவிடுவதால், அங்கே நிறத்தை வெறும் வெப்பமானியாகப் படிக்க இயலாது.