மலை இல்லாத ஊர்க்காரன்

"உங்கள் மலை எது?" என்று கேட்டார் தலைமையாசிரியை. மகனைச் சேர்க்க ஆக்லாந்துப் பள்ளிக்குப் போயிருந்தேன். கையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, தடுப்பூசி அட்டை இருந்தது. மலைக்கு ஒன்றும் கொண்டுபோகவில்லை.

அவர் மாவோரி, நியூசிலாந்தின் பூர்வகுடி. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் முறைக்கு பெபெஹா என்று பெயர். மலை, ஆறு, முன்னோர் வந்த தோணி, குலம் எல்லாம் சொல்லி, பெரும்பாலும் கடைசியில்தான் தன் பெயர்.

நானோ டெல்டாக்காரன். பாபநாசம் பக்கம் வரப்புதான் மேடு. யோசித்து, சுவாமிமலை என்றேன். அதுவும் கட்டுமலை, 60 படி. உயரம் கேட்டுவிடுவாரோ என்று பயம். ஆறு என்றதும்தான் நிமிர்ந்தேன்: குடமுருட்டி. மூன்று முறை சொல்லிப் பார்த்து, 'ட' நாக்கில் படிந்த பிறகே எழுதிக்கொண்டார்.

எங்கள் ஊர் ஹெட்மாஸ்டரும் இதையேதான் கேட்டார். எந்த ஊர்? எந்தத் தெரு? தெருவைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். இங்கேயும் அந்த அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். "டீயா, காபியா?" என்று வந்தது.

வரவேற்புச் சடங்கன்று தலைமையாசிரியை மூக்கோடு மூக்கு வைத்து ஹோங்கி செய்தார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. விருந்து முடிந்து தேடினால், சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறார்! கேட்டால், மனாகிதங்கா என்கிறார். வந்தவரின் மதிப்பை உயர்த்துவதுதான் தலைமையாம். விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறோம், சரி. டம்ளர் கழுவிய ஹெட்மாஸ்டரை நான் பார்த்ததில்லை.

1867 சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தியது. தாய்மொழி பேசினால் அடி. அவருடைய பாட்டியும் வாங்கியிருக்கிறார். 1987-இல்தான் மாவோரி ஆட்சிமொழியானது. பாட்டி கதையைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. எனக்குத்தான் அப்பாவின் செருப்பு ஞாபகம் வந்தது.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. ஜூன் மாதக் குளிர்கூட. ஆனாலும் பாசனத்துக்கு அணை திறக்கும் 12-ஆம் தேதி நெருங்கினால், ராத்திரி போர்வைக்குள் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறேன்.

போன வாரம் மகன் மேடையில் பெபெஹா சொன்னான். "குடமுருத்தி" என்றான். முன்வரிசையில் இருந்த தலைமையாசிரியை மெல்லத் திருத்தினார்: "டி."