அப்பா மறுபடி விழுங்கப் பழகியது

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் வெண்டிலேட்டர் வரை போய் மீண்ட அப்பாவை மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாயில் கஞ்சி ஊற்றக் கற்றுத்தந்தார்கள். வாயால் எப்போது சாப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. குரல் வெறும் காற்றாக வந்தது. நாக்கு நனையத் தண்ணீர் கொடுத்தாலும் புரையேறியது.

எங்களுக்கு வழி திறந்தவர் கிராம சுகாதார செவிலியர். ஆக்சிஜன் அளவு பார்க்க வந்தவர், அந்த இருமலைக் கேட்டதுமே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர், அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலுள்ள பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பினார். "விழுங்குவதற்குப் பேச்சுப் பயிற்சியா?" என்று அம்மா வியந்தார். வெண்டிலேட்டரின் குழாய் பல நாள் தொண்டையில் இருந்தால் குரல்நாண்கள் புண்படலாம், விழுங்கும் தசைகளும் தளரலாம். இரண்டையும் சீராக்குவது பேச்சுப் பயிற்சியாளர்களின் வேலைதான்.

தொண்டையைச் சோதிக்க மட்டும் நேரில் போனோம். ஊரடங்கில் பஸ் ஓடவில்லை. மற்றதெல்லாம் வீடியோ அழைப்பில் நடந்தது. செவிலியர் பக்கத்தில் இருந்து ஆக்சிமீட்டரைப் பார்த்துச் சொல்வார்.

புரையேறினால் தலையில் தட்டித் தண்ணீர் கொடுப்பது நம் வழக்கம். அப்பாவுக்கு அந்தத் தண்ணீர்தான் ஆபத்து: தொண்டை சுதாரிப்பதற்குள் ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் முதலில் கெட்டியான கேழ்வரகுக் கூழ், அரைக் கரண்டி. நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்க வேண்டும். (இது அப்பாவைச் சோதித்துச் சொன்ன முறை, எல்லோருக்கும் பொருந்தாது.) விழுங்கியதும் பயிற்சியாளர் "ஆ" சொல்லச் சொல்வார். குரல் களகளத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. வாயைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இருமலே இல்லாமலும் உணவு நுரையீரலுக்குப் போகலாம் என்பதால் காய்ச்சல் வருகிறதா என்று தினமும் பார்த்தோம்.

கூழிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்த பிறகு குழாயை எடுத்தார்கள். தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது. குரல் இன்னும் கொஞ்சம் கம்மல்தான்.

அந்த ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. அந்த வண்டியில் பேச்சுப் பயிற்சியாளருக்கும் ஓர் இடம் வேண்டும். அதுவரை, தீவிர சிகிச்சையிலிருந்து யாரையாவது அழைத்துவந்தால், கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்: விழுங்குவதைச் சோதித்தாயிற்றா?