சாவி மூன்று வீட்டில் இருக்கிறது

அரசு ஆஸ்பத்திரியில் 31 வருஷம் நர்சாக இருந்துவிட்டு, மேலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பினேன். பூட்டிக் கிடந்த படிப்பகத்தைத் திறந்து, ராத்திரி அவசரத்துக்கு முதலுதவி அறை ஆக்கினோம். கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிற மாதிரி தலைக்கட்டுக்கு மாதம் 50 ரூபாய். பிபி மெஷின், சுகர் மெஷின், எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் பலகை, ஒரு கட்டில். திறந்த அன்றைக்கு ஊரே வந்தது.

மூன்றாம் மாதம் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. சாவி என்னிடம்; நானோ திருப்பரங்குன்றத்தில் மகள் வீட்டில். 108 வந்து கூட்டிப்போய்ப் பிழைத்துவிட்டார். ஆனாலும் என் தப்புதான் அது. இன்னும் மனசு ஆறவில்லை. அப்புறம்தான் சாவியை மூன்று வீட்டில் கொடுத்தோம், தினம் இரண்டு பேர் என்று முறை வைத்தோம். எல்லாருக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

போன ஐப்பசியில் அதிகாலை மூன்றரை மணிக்கு, வயிற்று வலி என்று ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். தரையில் படுத்திருந்தவன். வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முறைக்கு இருந்தது லோடு ஆட்டோ ஓட்டும் தம்பி. டார்ச் அடித்து முகத்தைப் பார்த்தவன் எனக்கு போன் போட்டான்: "அத்தை, இமையைத் தூக்க முடியலை இவனுக்கு. வயித்து வலி மட்டும் இல்லை இது."

வயிற்று வலியோடு இமையும் தூக்க முடியவில்லை என்றதும் புரிந்துவிட்டது: கட்டுவிரியன் பாம்புக் கடி. கடித்த வலியே தெரியாது, பல் தடமும் பல நேரம் கண்ணில் படாது. கயிறு கட்டவில்லை, கீறவில்லை, ஓர் அடி நடக்கவிடவில்லை. பாம்பைத் தேடியும் யாரும் போகவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். 108க்குச் சொன்ன கையோடு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டேன். கட்டுவிரியன் விஷம் மூச்சை நிறுத்திவிடும், மருந்து மட்டும் போதாது, வென்டிலேட்டரும் தயாராக இருக்க வேண்டும். நாலு நாள் மெஷினில் கிடந்து எழுந்து வந்தான் பிள்ளை.

மாதக் கடைசி ஞாயிறு சுகர் ஸ்ட்ரிப்பின் காலாவதித் தேதி பார்ப்போம், டார்ச்சுக்கு பேட்டரி மாற்றுவோம். நாலு தலைக்கட்டு பாக்கி இருக்கிறது, கேட்டால் தந்துவிடுவார்கள். பணத்தைவிட ஆள்தான் கஷ்டம். புதன்கிழமை ராத்திரிக்கு இன்னும் ஒருவர் வேண்டும். அந்தப் பையனின் அம்மாவே வருகிறேன் என்றிருக்கிறாள். சனிக்கிழமை அவளுக்கு பிபி பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.